லாபம், ரெண்டு, மூணு: ஒரு மளிகைக் கடைக்காரருக்குப் பதில்

கேள்வி: கீழமாசி வீதியில் தம்பியோடு சேர்ந்து மொத்த மளிகைக் கடை நடத்துகிறேன். வயது 43. ரத்த அழுத்தம் எல்லைக்கோட்டில் நிற்கிறது, டென்ஷனைக் குறையுங்கள் என்றார் டாக்டர். யூடியூபில் பார்த்து மூன்று வாரமாகப் பௌத்த முறையில் மூச்சுத் தியானம் செய்கிறேன். காலை நாலரைக்கு எழுந்து அரை மணி நேரம். மனம் நிற்பதே இல்லை, யார் யார் எவ்வளவு பாக்கி என்றே ஓடுகிறது. மூச்சை ஆழமாக இழுத்தால் நெஞ்சை அடைக்கிறது, விரல் நுனி மதமதக்கிறது. சாயங்காலம் கடைப் பையன்களைக் கத்துவது குறையவில்லை. ராத்திரி போனை எடுத்தால் கீழே வைக்கப் பன்னிரண்டரை ஆகிறது. ஆசைதான் துன்பத்துக்குக் காரணம் என்றால், பக்கத்துக் கடையையும் வாடகைக்கு எடுக்கலாமா வேண்டாமா என்று குழப்பம். அம்மா, 'மீனாட்சி இத்தனை பக்கத்துல இருக்கும்போது புத்தர் எதுக்குடா' என்கிறார். போன மாதம் மாமனார் தவறிவிட்டார். அழுதுகொண்டிருந்த மனைவியிடம், 'எல்லாம் அநித்தியம்தான், ஏத்துக்கணும்' என்று ஆறுதலாகத்தான் சொன்னேன். நாலு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. எங்கே தவறு செய்கிறேன்?
- பெயர் வேண்டாம், மதுரை

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் கடைசியில் போட்டதை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கிசா கோதமி கதை உங்கள் காதிலும் விழுந்திருக்கும். செத்த குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மருந்து கேட்டு வந்தவளிடம் புத்தர் அநித்தியம் பற்றிப் பாடம் எடுக்கவில்லை. சாவு விழாத வீடாகப் பார்த்துக் கொஞ்சம் கடுகு வாங்கி வா என்று அனுப்பினார். உங்கள் கடையில் மூட்டையாகக் கிடக்கிற அதே கடுகு. எல்லா வீட்டிலும் கடுகு இருந்தது, சாவும் இருந்தது. வாசல் வாசலாக ஏறி இறங்கி, 'எங்க வீட்லயும் போன வருசம்' என்று ஒவ்வொருவர் சொன்னதையும் கேட்ட பிறகுதான் அவள் குழந்தையைக் கீழே இறக்கினாள். யாரும் அவளிடம் ஏற்றுக்கொள் என்று சொல்லவில்லை.

ஆறுதலாகத்தான் சொன்னேன் என்கிறீர்கள். யாருக்கு ஆறுதல்? அவர் அழுவதைப் பார்க்க உங்களுக்குத் தாங்கவில்லை. தாங்காத அந்த நிலை சீக்கிரம் முடிய வேண்டும், அதற்குக் கைக்கு எட்டிய சொல் அநித்தியம். தப்பான எண்ணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அநித்தியம், அநாத்மம் ('நான்' என்று நிலையாக ஒன்றும் இல்லை என்பது) போன்ற சொற்களெல்லாம் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளக் கொடுத்த கண்ணாடிகள். அடுத்தவர் முகத்துக்கு நேரே பிடித்தால் அது பாடமாக இருக்காது, அடியாகத்தான் விழும்.

இன்றைக்கு ராத்திரி கடை அடைத்து வந்ததும், போனைச் சமையல்கட்டில் வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். 'அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது' என்று சொல்லுங்கள். 'சொன்னது தப்புன்னா மன்னிச்சுக்க' என்று 'தப்புன்னா' போட்டு இழுக்காதீர்கள். பிறகு அவருடைய அப்பாவைப் பற்றிக் குறிப்பாக ஒன்று கேளுங்கள்: கடைசியாக நம் வீட்டுக்கு வந்தபோது என்ன சாப்பிட்டார், சின்ன வயசில் உன்னை எங்கே கூட்டிப்போவார், இப்படி. அவர் பேச ஆரம்பித்து அரை நிமிடத்துக்குள் உங்களுக்கு ஏதாவது சொல்லியாக வேண்டும் போல இருக்கும். தொண்டையில் ஓர் அரிப்பு மாதிரி வரும், உதடு பிரியும். அதைக் கவனியுங்கள், பேசாமல் இருங்கள். மூன்று வாரம் நாலரை மணிக்கு உட்கார்ந்ததைவிட இந்த ஒன்று உங்களுக்குக் கூடுதலாகக் கற்றுத்தரும். இன்றைக்கே பேசிவிட வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். அவர் பேசாவிட்டால் பக்கத்தில் சும்மா உட்கார்ந்துவிட்டுப் படுக்கப் போங்கள். நாளைக்கும் உட்காருங்கள்.

அடுத்தது நெஞ்சடைப்பு. இந்த வயதில், எல்லைக்கோட்டு ரத்த அழுத்தத்தோடு இருக்கிறவர், 'தியானத்துல வர்ற அடைப்புதான்' என்று தானே முடிவு கட்டக் கூடாது. ஒரு ஈசிஜி எடுத்துவிடுங்கள். மாடிப்படி ஏறும்போதோ மூட்டை நகர்த்தும்போதோ அடைத்தால், வேர்த்துக் கொட்டினால், இடது கைக்கோ தாடைக்கோ வலி இழுத்தால் அன்றைக்கே, அப்போதே ஆஸ்பத்திரி. டாக்டர் மாத்திரை எழுதினால் போடுங்கள். தியானம் மாத்திரைக்கு மாற்று இல்லை.

ஈசிஜி சுத்தமாக இருந்து, உட்கார்ந்து மூச்சு இழுக்கும்போது மட்டும் அடைக்கிறது, மதமதக்கிறது என்றால் காரணம் எளிது. உடம்பு கேட்பதற்கு மேல் மூச்சு வாங்குகிறீர்கள். அப்படிச் செய்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துபோகும். அது குறைந்தால் ரத்தத்தின் அமில காரச் சமநிலை நகர்ந்து நரம்புகள் லேசில் தூண்டப்படும். விரல் நுனியும் உதட்டோரமும் மதமதக்கும், தலை கிறுகிறுக்கும், நெஞ்சில் 'மூச்சு பத்தல' என்று தோன்றும். பத்தவில்லையே என்று இன்னும் ஆழமாக இழுப்பீர்கள், இன்னும் அடைக்கும்.

பௌத்த மூச்சுத் தியானம் பிராணாயாமம் இல்லை. இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கிளறுகிற காணொளிகள் நிறைய இருக்கின்றன. புத்தர் பேச்சுகளின் பாலி மொழித் தொகுப்பான மஜ்ஜிம நிகாயத்தின் 118ஆம் சூத்திரத்தில் 16 படிகள் சொல்லப்படுகின்றன. முதல் படி, மூச்சு நீளமாக வந்தால் நீளம் என்று தெரிந்துகொள்வது. இரண்டாம் படி, குட்டையாக வந்தால் குட்டை என்று தெரிந்துகொள்வது. இழு, பிடி, நிறுத்து என்ற பேச்சே கிடையாது. மூச்சைப் பார்க்க ஆரம்பித்தாலே அதைத் திருத்தத் தொடங்கிவிடுகிறவர்கள் உண்டு. நாள் முழுக்க ஆட்களை ஏவுகிற தொழிலில் இருப்பவர்களுக்கு அது சகஜம். அப்படி ஆனால் முதல் இரண்டு வாரத்துக்கு மூச்சைக் கவனிப்பதை விட்டுவிடுங்கள். தொடைமேல் கிடக்கும் உள்ளங்கையின் சூடு, தரையில் பதிந்த பாதம், வெளியே கேட்கிற பால்காரர் மணி, கோயில் மைக், டவுன் பஸ் ஹாரன், இவற்றில் ஒன்றில் கவனம் இருக்கட்டும். கண்ணை அரைவாசி திறந்து வைத்துக்கொள்ளுங்கள். மதமதப்பு நின்ற பிறகு மூச்சுக்கு வரலாம்.

நாலரை மணியையும் விட்டுவிடுங்கள். பன்னிரண்டரைக்குப் படுத்து நாலரைக்கு எழுந்தால் நாலு மணி நேரத் தூக்கம். உங்கள் வயதில் ஏழு மணி நேரமாவது வேண்டும். தூக்கக் குறைவே கோபத்தைக் கூட்டும், ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். நீங்கள் தியானத்தால் குறைக்கப் பார்ப்பதை, தியானத்துக்காக எழுந்தே கூட்டிக்கொண்டிருக்கிறீர்கள். தூங்கா நகரம் என்பது ஊருக்கு இருக்கிற பட்டம், நமக்கு இல்லை.

ஆறு ஆறரைக்குப் பத்தே நிமிடம் உட்காருங்கள். தரையில் என்றால் ஜமுக்காளத்தின் மேல் நாலு விரற்கடை உயரத்துக்குப் போர்வையை மடித்துப் போட்டு, அதன் விளிம்பில் உட்கார வேண்டும். இடுப்பு முழங்காலைவிட உயரமாக இருந்தால்தான் முதுகு தானாக நிமிரும். வெறும் தரையில் சம்மணம் போட்டால் பத்து நிமிடத்தில் கூன் விழும், கால் மரத்துப்போகும், பிறகு கவனம் எல்லாம் காலில்தான். முட்டி வலி இருந்தால் கைப்பிடி இல்லாத நாற்காலியில், முதுகைச் சாய்க்காமல் உட்காருங்கள். அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

இனி, மனம் நிற்கவில்லை என்ற புகார். உங்கள் தொழிலிலிருந்தே இதற்கு ஒரு வழி உண்டு. பௌத்த உரையாசிரியர் புத்தகோசர் 5ஆம் நூற்றாண்டில் எழுதிய விசுத்திமக்கம் என்ற நூலில் மூச்சை எண்ணுவதற்கு இரண்டு முறைகள் வருகின்றன. முதலாவதற்குத் தானியம் அளப்பவன் எண்ணிக்கை என்று பெயர். அளக்கிறவன் படியை நிரப்பி, 'ஒண்ணு' என்று சொல்லிக் கொட்டுவான். அடுத்த படி நிரம்பும்வரை அவன் வாய் அந்த 'ஒண்ணு, ஒண்ணு' என்பதையே சொல்லிக்கொண்டிருக்கும். இடையில் குப்பையோ தூசியோ கண்ணில் பட்டால் எடுத்து எறிவான், எண்ணிக்கை அறுபடாது. நம் பக்கம் களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலுக்கு 'ஒண்ணு' என்று சொல்லாமல் 'லாபம்' என்பார்கள். உங்கள் தாத்தா காலத்து ஆட்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அதே மாதிரி எண்ணுங்கள். மூச்சு வெளியே போய் முடியும் இடத்தில், மனசுக்குள், 'லாபம்'. அடுத்ததற்கு 'ரெண்டு'. பத்து வந்ததும் மறுபடி லாபம்.

ஐந்துக்குக் குறைவாக நிறுத்தாதே, பத்தைத் தாண்டாதே என்கிறது அந்த நூல். ஐந்துக்குள் முடக்கினால் மனம் நெருக்கமான தொழுவத்தில் அடைத்த மாடு மாதிரி முட்டும். பத்தைத் தாண்டிப் போனால் கவனம் மூச்சை விட்டுவிட்டு எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்ளும், ஏதோ சரக்கு எண்ணுகிற மாதிரி. எத்தனையில் விட்டோம் என்று மறந்துபோனால் யோசிக்க வேண்டாம், லாபத்திலிருந்து தொடங்குங்கள். நடுவில் வருகிற பாக்கிக் கணக்கு படியில் கண்ட கல். கல் கிடக்கிறதே என்று யாரும் படியைத் தூக்கி எறிவதில்லை. எடுத்துப் போட்டுவிட்டு அடுத்ததை அளப்பீர்கள். பத்து நிமிடத்தில் இருபது கல் கண்டுபிடித்தால் அன்றைக்குக் கண் நன்றாக வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். கல்லே அகப்படாத நாளில் நீங்கள் உட்கார்ந்தபடி தூங்கியிருக்க வாய்ப்பு அதிகம்.

தூக்கம் வந்தால் என்ன செய்வது என்பதற்கும் வரிசை உண்டு. தூங்கி வழிந்த சீடர் மொக்கல்லானருக்குப் புத்தர் சொன்னவை: மனதில் கொண்டுள்ள விஷயத்தை மாற்று, கேட்டதை மனப்பாடமாகச் சொல்லிப் பார், இரண்டு காதையும் பிடித்து இழு, உடம்பைத் தேய்த்துவிடு, எழுந்து முகத்தில் தண்ணீர் அடி, வெளிச்சத்தை நினை, எழுந்து நட. எதுவும் சரிப்படவில்லையா, வலப்பக்கம் சாய்ந்து படுத்துக்கொள், எழும் நேரத்தை மனதில் வைத்துக்கொண்டு. பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போட்ட காதுக்கு இந்த வைத்தியம் புதிதாக இருக்காது.

மைண்ட்ஃபுல்னெஸ் என்று எல்லோரும் சொல்வதன் பாலிச் சொல் ஸதி. தமிழில் அப்படியே எழுதினால் சதித்திட்டம் ஆகிவிடும் என்பதால் நற்கடைப்பிடி, விழிப்புணர்வு என்றெல்லாம் எழுதுகிறார்கள். சொல்லின் வேர் நினைவு. அதற்கு நேரான தமிழ் உங்கள் அம்மா வாயிலேயே இருக்கிறது. பால் பொங்கி வழிந்தால், 'நெனப்பு எங்க இருக்கு?' என்று கேட்பாரே, அந்த நெனப்புதான். செய்கிற காரியம் செய்யும்போதே நினைவில் இருப்பது. அதற்குக் காலைப் பத்து நிமிடம் ஒத்திகை. நாடகம் கடையில் நடக்கிறது. ஒத்திகையை மட்டும் மூன்று வாரம் பார்த்துவிட்டு, கோபம் குறையவில்லையே என்கிறீர்கள்.

கடைக்கு வருவோம். அம்மாவின் கேள்விக்கும் இங்கேயே பாதி பதில் இருக்கிறது. மணிமேகலையை எழுதிய சீத்தலைச் சாத்தனாரை மரபு 'மதுரைக் கூலவாணிகன்' என்று சொல்கிறது. கூலம் என்றால் தானியம். பௌத்தத்தைத் தமிழில் காப்பியமாக வைத்தவரை உங்கள் ஊர்க்காரர், உங்கள் தொழில்காரர் என்றுதான் சொல்லி வந்திருக்கிறார்கள். துன்பம் எப்படி ஒன்றிலிருந்து ஒன்றாகக் கிளைக்கிறது என்பதை அவர் பன்னிரண்டு கண்ணிகளாகத் தமிழில் வரிசைப்படுத்தியிருக்கிறார். அதில் நடுவில் வருகிற நாலு போதும் உங்களுக்கு: ஊறு (ஒன்று புலனில் படுவது), நுகர்வு, வேட்கை, பற்று.

ராத்திரி 9.40. கடை அடைத்தாகிவிட்டது. நாலு மாதப் பாக்கிக்காரர் ஒருவருக்கு மத்தியானம் அனுப்பிய வாட்ஸப் செய்தியைத் திறக்கிறீர்கள். இரண்டு டிக்கும் நீலம், பதில் இல்லை. நீலம் கண்ணில் பட்டது ஊறு. அதே நொடியில் மேல்வயிற்றில் ஒரு சுருக்கு, இது நுகர்வு. பிடித்தது, பிடிக்காதது, இரண்டும் இல்லாதது என்று நுகர்வு மூன்றே வகை. (பாலியில் இதற்கு வேதனா என்று பெயர். தமிழ் வேதனையாக நினைத்துக்கொண்டு வலியை மட்டும் தேடுகிறவர்கள் உண்டு. இன்பமான வேதனாவும் கணக்கில் சேர்த்திதான்.) சுருக்கு வந்த மறு நொடி கட்டைவிரல் தட்டச்சுப் பலகைக்குப் போகிறது: 'அண்ணே பாத்துட்டு பதில் போடாம இருந்தா என்ன அர்த்தம்'. அது வேட்கை. அனுப்பிய பிறகு, 'என்னைய ஒரு ஆளா மதிக்கல, தம்பிகிட்ட மட்டும் ஒழுங்கா பேசுறான்' என்று கதை கட்டிக்கொண்டு படுப்பது பற்று.

ஊறை நிறுத்த முடியாது, கண் இருந்தால் நீலம் தெரியும். நுகர்வையும் நிறுத்த முடியாது, பணம் வராவிட்டால் வயிறு சுருக்கத்தான் செய்யும். நீங்கள் கை வைக்க முடிந்த ஒரே இடம் நுகர்வுக்கும் வேட்கைக்கும் நடுவில் உள்ள சந்து. குறுகல்தான், ஒரு மூச்சு அளவு. அங்கே செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. 'பிடிக்கல' என்று மனசுக்குள் பெயர் சொல்வது. அவரைப் பிடிக்கவில்லை என்று இல்லை, வயிற்றில் இருக்கிற இந்தச் சுருக்கு பிடிக்கவில்லை. அந்தச் சுருக்கு எங்கே இருக்கிறது, எத்தனை பெரிது, கூடுகிறதா குறைகிறதா என்று மூன்று மூச்சுக்குப் பாருங்கள். போனை மேசைமேல் கவிழ்த்து வையுங்கள். செய்தியை நாளை காலை பத்து மணிக்கு அனுப்பலாம். பாக்கி எங்கும் ஓடிப்போகாது. காலையில் எழுதினால் தொகை, தேதி, எப்போது ஆள் அனுப்பட்டும் என்ற மூன்று மட்டும் இருக்கும். ராத்திரி எழுதினால் இவற்றோடு மதிப்பு மரியாதையும் சேர்ந்துகொள்ளும்.

மனைவி அழுதபோது நடந்ததும் இதே சங்கிலிதான் என்று இப்போது தெரிந்திருக்கும்.

போனைப் பற்றி இன்னும் ஒன்று. பன்னிரண்டரை வரை நீங்கள் பார்ப்பது எல்லாம் பிடித்துத்தான் பார்க்கிறீர்களா? பத்து ரீல்ஸில் ஒன்று சிரிப்பு வரும், ஒன்று எரிச்சல் வரும், மீதி எட்டு ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாததில்தான் மணி தெரியாமல் போகிறது. பிடித்தது ஆசைக்கு இழுக்கும், பிடிக்காதது வெறுப்புக்கு இழுக்கும், இரண்டும் இல்லாதது மறதிக்கு இழுக்கும் என்று பழைய நூல்கள் சொல்வதன் பொருள், நடுராத்திரியில் கட்டைவிரல் தானாக நகரும்போது விளங்கும். இதற்கு மன உறுதியை நம்பாதீர்கள், பத்து மணிக்கு மேல் யாருக்கும் அது மிச்சமிருக்காது. சார்ஜரைப் படுக்கையறையிலிருந்து எடுத்துச் சமையல்கட்டில் மாட்டுங்கள். எழுப்ப ஒரு சாதாரண அலாரம் கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள். வேலை முடிந்தது.

கோபம். 'கோபத்துக்கு வேரில் விஷம், நுனியில் தேன்' என்று புத்தர் சொன்னதாக சம்யுத்த நிகாயம் என்ற இன்னொரு தொகுப்பில் இருக்கிறது. தேன் என்ற பாதியைப் பலர் சொல்ல மறந்துவிடுகிறார்கள். கத்துகிறபோது நெஞ்சில் ஒரு சூடும் நாக்கில் ஒரு ருசியும் இருக்கிறது. அதனால்தான் விட முடியவில்லை. அடுத்த முறை அந்த ருசியையே கவனியுங்கள். எத்தனை விநாடி இருக்கிறது, அது போன பிறகு வாயில் என்ன மிஞ்சுகிறது.

நேரத்தையும் கவனியுங்கள். சாயங்காலம் கத்துகிற கடைக்காரர்களில் பலர் மத்தியானச் சாப்பாட்டை நாலு மணிக்குத் தள்ளிவிட்டு, நடுவில் மூன்று நாலு டீயில் ஓட்டுகிறவர்கள். நீங்களும் அப்படியானால், ஒன்றரைக்குச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். அதற்கே பாதி குறையும், அதைத் தியானக் கணக்கில் எழுத வேண்டாம்.

மீதிப் பாதிக்கு உங்கள் எலக்ட்ரானிக் தராசு இருக்கிறது. சரக்கை வைத்ததும் எண் ஆடும். ஆடிக்கொண்டிருக்கும்போது யாரும் எடையைச் சொல்லி பில் போடுவதில்லை. நின்ற பிறகுதான் சொல்வீர்கள். பையன் துவரம்பருப்பு மூட்டைக்குப் பதிலாகக் கடலைப்பருப்பை வேனில் ஏற்றிவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் தாடை இறுகுகிறது, உள்ளங்கை மூடுகிறது, எண் ஆடுகிறது. கையை விரித்து மேசைமேல் வையுங்கள், இரண்டு கால் பாதமும் தரையில் படட்டும், ஒரு மூச்சு வெளியே போகட்டும். மூச்சை விடும்போது இதயத் துடிப்பு சற்றே தணியும் என்பது உடம்பின் இயல்பு, வேறு மந்திரம் இல்லை. பிறகு பேசுங்கள்.

என்ன பேசுவது என்பதற்கும் அளவு உண்டு. நல்ல பேச்சுக்குப் புத்தர் ஐந்து சொல்கிறார்: காலம் அறிந்தது, உண்மையானது, மென்மையானது, பயனுள்ளது, நல்லெண்ணத்தோடு வருவது. காலம் என்றால் வாடிக்கையாளர் முன்னால் வேண்டாம், வேன் கிளம்பட்டும். உண்மை என்றால், 'எப்பப் பாத்தாலும் இப்படித்தான்' என்பது பொய், இந்த மாதம் இது இரண்டாவது தடவை என்பது உண்மை. பயன் என்றால், மூட்டையில் எந்த இடத்தில் சரக்குப் பெயர் எழுதியிருக்கும், ஏற்றுவதற்கு முன் அதைச் சீட்டோடு ஒத்துப்பார்த்து டிக் போட வேண்டும் என்று காட்டிக்கொடுப்பது. இத்தனையும் சரியாகச் செய்தும் குரல் உயர்ந்துதான் வரும் சில நாள். பரவாயில்லை. கோபத்தை விழுங்கிவிட்டுச் சாந்தமான முகத்தை ஒட்டிக்கொண்டு நிற்பது அதைவிட மோசம். அது கடையில் அடங்கி வீட்டில் வெடிக்கும். கவனிப்பதற்கும் அமுக்குவதற்கும் வித்தியாசம் உடம்பில் தெரியும். கவனித்தால் தாடை தளரும், அமுக்கினால் இறுகும்.

செல்போன் ஆப்களிலும் கம்பெனிப் பயிற்சிகளிலும் சொல்லித்தருவதில் எனக்கு உள்ள மனத்தாங்கலும் இதுதான். மூச்சை எடுத்துக்கொண்டு, பேச்சையும் பிழைப்பையும் விட்டுவிடுகிறார்கள். புத்தர் சொன்ன எண்வகை வழியில் நல்வாய்மை, நற்செய்கை, நல்வாழ்க்கை மூன்றும் தியானத்துக்கு முன்னால் நிற்பவை. காலையில் மூச்சை எண்ணிவிட்டுப் பகலில் எடையைக் குறைக்கிறவனுக்கு மனம் எப்படி நிற்கும்?

பக்கத்துக் கடையை எடுக்கலாமா என்று கேட்டீர்கள். 'ஆசையே துன்பத்துக்குக் காரணம்' என்பது பள்ளிக்கூடப் புத்தகம் நமக்குச் செய்த சின்னக் கெடுதல். மூலத்தில் உள்ள சொல் தண்ஹா, தாகம் என்று பொருள். மணிமேகலை அதற்கு வைத்த சொல் வேட்கை. நீர்வேட்கை என்றால் தமிழில் தாகம்தானே, சரியான சொல்லாகப் பார்த்துத்தான் எடுத்திருக்கிறார்கள். குடிக்கக் குடிக்கக் கேட்பது வேட்கை. ஒரு காரியத்தைச் செய்து முடிக்க வேண்டும் என்ற விருப்பத்துக்குப் பாலியில் சந்தம் என்று தனிச்சொல் உண்டு. அது நல்ல பக்கமும் போகும். தியானம் கற்க வேண்டும் என்று நீங்கள் நினைத்ததே ஒரு சந்தம்தான்.

இல்லறத்தாருக்குச் சம்பாதிக்காதே என்று புத்தர் எங்கும் சொல்லவில்லை. சிகாலன் என்ற இளைஞனுக்குச் சொல்லும்போது வருமானத்தை நாலு பங்காக்கச் சொல்கிறார்: ஒரு பங்கு அனுபவிக்க, இரண்டு பங்கு தொழிலில் போட, ஒரு பங்கு ஆபத்துக்குச் சேமிக்க. தீகஜாணு என்ற குடும்பஸ்தருக்கு வரவையும் செலவையும் பற்றிச் சொல்லும்போது தராசு பிடிக்கிறவனையே உவமை காட்டுகிறார். இவ்வளவு தாழ்ந்தது, இவ்வளவு உயர்ந்தது என்று அவனுக்குத் தெரிகிற மாதிரி தெரிந்து நட என்கிறார். ஆகவே அட்வான்ஸ், வாடகை, கூடுதல் சரக்குக்கு முடங்கும் பணம், கூடுதல் ஆள் சம்பளம், எத்தனை மாதத்தில் திரும்பும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். தம்பியும் தனியாக எழுதட்டும். ஆபத்துக்கு வைத்த நாலாவது பங்கில் கை வைக்காமல் முடிகிறதா பாருங்கள். பிறகு ஒரே கேள்வி: கணக்கு ஒத்துவராது என்று தெரிந்தால் மனம் விட்டுவிடுமா? விட்டுவிடும் என்றால் அது வியாபாரம், தாராளமாகச் செய்யுங்கள். எதிர்க்கடைக்காரர் இரண்டாக்கிவிட்டாரே, நாம் எடுக்காவிட்டால் என்ன நினைப்பார்கள் என்று கணக்குக்கு மேலும் அரித்தால் அது வேட்கை. தாளை மூன்று ராத்திரி கல்லாப்பெட்டியில் வைத்துவிட்டுத் திரும்ப எடுங்கள்.

எத்தனை நாள் பார்ப்பது? எட்டு வாரம் வையுங்கள். 1979இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜான் கபட்-ஜின் நோயாளிகளுக்காகத் தொடங்கிய பயிற்சியின் வழியாகத்தான் அந்த எட்டு வார அளவு பிறகு வழக்கத்துக்கு வந்தது. பத்து நிமிடத்தை மூன்றாம் வாரத்தில் பதினைந்தாக்கலாம், ஐந்தாம் வாரத்தில் இருபது. ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் சேர்த்து உட்கார வேண்டாம். பாக்கி வசூல் இல்லை இது. ஒரு சின்ன நோட்டில் தினமும் ஒரே வரி: எந்த இடத்தில் 'பிடிக்கல'வைப் பிடித்தேன், எந்த இடத்தில் விட்டேன்.

பத்து நாள் மௌன முகாமுக்கு இப்போது போக வேண்டாம். காலை நாலு மணிக்கு எழுந்து, ஒரு நாளைக்குச் சுமார் பத்து மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும். தூக்கமும் நெஞ்சும் சரியாகட்டும், வீட்டில் துக்கம் ஆறட்டும். துக்கத்தில் இருக்கும் மனைவியை விட்டுவிட்டு மன அமைதி தேடிப் போவது நீங்கள் செய்யக்கூடிய அடுத்த பெரிய தவறாக இருக்கும். பழைய பயங்கள் திரும்பத் திரும்ப வருவது, உடம்பு தன்னுடையதாகவே தெரியாதது, தூக்கம் அடியோடு போவது என்று ஏதாவது நடந்தால் உடனே தியானத்தை நிறுத்துங்கள், இன்னும் முயன்றால் சரியாகும் என்று தள்ளாதீர்கள். அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. உங்கள் மனைவிக்கும் அந்த எண் உதவும், ஆனால் அதை நீங்கள் இன்றைக்கே போய் நீட்ட வேண்டாம்.

அம்மா விஷயத்தில் மீதிப் பாதி. கீழக்குயில்குடி சமணர் மலைச் சிற்பங்களைக் காட்டி, 'நம்ம ஊர்லயே புத்தர் இருக்காரே' என்று அவரிடம் வாதாடப் போகாதீர்கள். அங்கே இருப்பவர்கள் தீர்த்தங்கரர்கள், சமணம் வேறு. வாதமே வேண்டியதில்லை. நடந்தபடி தியானம் செய்வதில் ஐந்து நன்மை சொல்கிறார் புத்தர்: நெடுந்தூரம் நடக்கத் தெம்பு, முயற்சிக்குத் தெம்பு, உடல்நலம், சாப்பிட்டது செரிப்பது, அதில் கிடைத்த மன ஒருமை நீண்டநேரம் நிற்பது. மொட்டை மாடியில் இருபது முப்பது அடி போய்த் திரும்பினாலே போதும். ஆனால் உங்கள் கடையிலிருந்து நடக்கிற தூரத்தில் இதைவிட நல்ல இடம் இருக்கிறது. மீனாட்சி கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக விடமாட்டார்கள். வாரத்தில் ஒருநாள் காலை, கல் சூடேறுவதற்கு முன், அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஆடி வீதியைச் சுற்றி வாருங்கள். குதிகால் தரையில் படுவது, பாதம் பதிவது, மறுகால் எழுவது, இவ்வளவுதான் பார்க்க வேண்டியது. எத்தனை மெதுவாக நடப்பது என்ற சந்தேகம் உங்களுக்கு வராது, அம்மா முன்னால் போகட்டும்.